அக்கரைப் பள்ளிக்கூடத்துத் தோணி

போன மாதம் செத்த வீட்டில் சந்தித்தபோது என்னோடு தோணியேறிப் படித்த நீங்கள் எல்லாரும் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பந்தலுக்குள் கதிரைகளை ஒன்றுசேர இழுத்துப் போட்டு, ஆறிப்போன கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தக் காலத்தில ஊரே சேர்ந்துதானே நம்மளைப் படிப்பிச்ச" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். அறுபது கடந்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒன்றை மறுத்துச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. முழங்காலும் வலித்தது. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஊர் சேர்ந்தது உண்மைதான். அது எப்படிச் சேர்ந்தது, எப்படிக் கலைந்தது, கடைசியில் யார் தலையில் விழுந்தது என்பதை நம்மில் ஒருவராவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. பிழையான இடங்களை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

அது சூறாவளிக்கு அடுத்த வருசம். ஊரில் தலையோடு நின்ற தென்னைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வீடுகளுக்கு மேலே நிவாரணத் தகரம். வெயில் ஏற ஏற அந்தத் தகரம் முறுகிச் சடசடக்கும். பள்ளிக்கூடத்துக் கூரை வயலுக்குள் கிடந்தது. தலைமை வாத்தியார் மிஞ்சிய சுவர்களுக்கு மேலே ஓலைக் கிடுகைப் போட்டு வகுப்பு நடத்தினார். மழை பெய்தால் கரும்பலகையில் இருந்த எழுத்து வெள்ளைத் தண்ணீராக வடிந்து எங்கள் காலடிக்கு வரும்.

அந்தப் பள்ளிக்கூடமும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க நம் படுவான்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்குப் போக வேண்டும். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். நமக்கு அது எப்போதும் ஆறுதான். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவைப் பாதை நம் ஊரிலிருந்து வெகுதூரம் தெற்கே. நடந்து போய் அதில் ஏறி அந்தப்பக்கம் சேர்வதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிடும். அதனால் எட்டு முடித்தவர்கள் அதோடு நிற்பார்கள். ஆண் பிள்ளைகள் மாட்டுக்கும் வட்டை வயலுக்கும், பெண் பிள்ளைகள் அடுப்புக்கும் பன்பாய்க்கும். அது யாருக்கும் ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

என் அப்பா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே வட்டையில் பாம்பு கடித்துப் போய்விட்டார். அம்மா பன் புல்லுக்குச் சாயமிட்டுப் பாய் இழைத்து விற்றாள். அவள் விரல் நுனிகள் எந்நேரமும் சாயச் சிவப்பாக இருக்கும். சோறு பிசைந்து தரும்போது நான் அந்தச் சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டாம் வகுப்பு முடிந்ததும் எனக்கும் அந்தப் பன்தான் என்று நினைத்திருந்தேன்.

தலைமை வாத்தியாருக்கு என்ன தோன்றியதோ, கோயில் வண்ணக்கரிடம் போய்ப் பேசி ஊர்க்கூட்டம் வைத்தார். கோயில் பொறுப்பெல்லாம் வண்ணக்கர் கையில்தான் இருந்தது. அவர் சொன்னால் ஊர் கேட்கும். கோயில் வாசலில் ஆண்கள் முன்னாலும் பெண்கள் பின்னாலுமாக எல்லாரும் குந்தியிருந்தார்கள். வாத்தியார் எழுந்து நின்று, நம் பிள்ளைகளுக்கும் அக்கரைப் பிள்ளைகளுக்கும் நடுவில் இருப்பது தண்ணீர் மட்டும்தான் என்று பேசினார். நன்றாகத்தான் பேசினார். தோணி உள்ள வீடுகள் நாள் முறை வைத்துப் பிள்ளைகளை ஏற்றிப் போவது, தோணி இல்லாத வீடுகள் வசதியற்ற பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. பன்பாய் வாங்க வரும் காத்தான்குடி நானா, முஸ்லிம் வியாபாரி ஒருவர், தன் துணிக்கடையில் கிடக்கும் வெள்ளைத் துணியைத் தருவதாகச் சொல்லியனுப்பினார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் மாமா எழுந்தார். என் அம்மாவின் அண்ணன். ஆற்றில் வலை போடுகிறவர். ஒல்லியான, எந்நேரமும் யார்மீதோ கோபமாக இருப்பவர்போல முகம்.

"இது நிக்காது," என்றார். "இப்ப எல்லாரும் ஓம் எண்டுவீங்க. மாரி வரட்டும், ஒருத்தரும் வரமாட்டீங்க. புள்ளையள ஆசை காட்டிப்போட்டு நடு ஆத்தில விடாதீங்க."

"நல்ல காரியம் தொடங்கக்குள்ள ஏன்டாப்பா இப்பிடிப் பறையிறாய்?" என்றார் வண்ணக்கர்.

"மாரி வந்தா மறுகா ஆரு செய்யிற எண்டுதான் கேக்கிறன்."

"உனக்கு விருப்பமில்லாட்டி உன்ர தோணியை நீயே வெச்சிக்க. ஊர் பாக்கும்."

மாமா தோளில் கிடந்த துவாயை உதறிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு முறை எதுவும் எழுதப்படவில்லை. உடன்பிறந்தவளின் பிள்ளை படிப்பதையே பொறுக்காதவன் என்று பெண்கள் அன்றைக்கே பேசினார்கள். அம்மா வீட்டுக்கு வந்து அழுதாள். அதன் பிறகு கொஞ்சக் காலம் அவள் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் மாமாவைக் கண்டால் வேலிப் பக்கமாக விலகிப் போவேன்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? ஊரே கரையில் நின்றது. வண்ணக்கர் தோணியின் முன்பக்கம் தேங்காய் உடைத்தார். காத்தான்குடித் துணி பல கட்டுகளிலிருந்து எடுத்தது. தைத்துப் போட்டபோது ஒருத்தியின் சட்டை பால்வெள்ளை, இன்னொருத்தியுடையது தயிர் நிறம், எனக்கு வந்தது கொஞ்சம் நீலம் பாரித்த வெள்ளை. புதுத் துணியின் கஞ்சி மணத்தோடு ஆற்றுக் காற்றும் சேர்ந்து வந்தது. கரையோரத்துக் கண்ணா மரங்களைத் தாண்டும்வரை கரையில் நின்றவர்கள் கை காட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்படி ஒரு பெருமையை நான் பிறகு எதிலும் உணரவில்லை. ஆசிரியர் நியமனம் கிடைத்த நாளில்கூட இல்லை.

அக்கரைப் பள்ளிக்கூடத்தில் நம்மைக் கடைசி வாங்குப் பலகையில் இருத்தினார்கள். பாவாடை விளிம்பு நனைந்திருக்கும். காலில் சேறு காய்ந்து உதிரும். "படுவான்கரைப் புள்ளையள் வந்தா வகுப்பு மீன் நாறுது" என்று ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். நம்மோடு வந்த அப்பக்காரியின் மகளுக்கு நடந்ததைத்தான் நாம் பேசுவதில்லை. அவளுடைய தாய் சந்தியில் அப்பம் சுட்டு விற்றாள். மகள் விடியுமுன் எழும்பி மா கரைத்து, அடுப்பு மூட்டி, தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டுத்தான் தோணிக்கு ஓடி வருவாள். முதல் பாடத்திலேயே அவளுக்குத் தலை விழுந்துவிடும். கணக்கு டீச்சர் அவளை வாங்கின் மேல் ஏற்றி நிற்க வைப்பார். நின்றுகொண்டும் தூங்குவாள். "இது மந்தம், இதுக்குப் படிப்பு ஏறாது" என்று டீச்சர் வகுப்புக்கு முன்னாலேயே சொன்னார். அந்த டீச்சர் கெட்டவர் அல்ல. ஒருநாள்கூட அவர் அவளிடம், எத்தனை மணிக்கு எழும்புகிறாய் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். நானும் பின்னாளில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். நான் கேட்காமல் விட்ட பிள்ளைகள் எத்தனையோ.

சிறுபோக விதைப்பு வந்தபோது முதல் தோணி நின்றது. வயல் வேலை முடியட்டும் என்றார்கள். பிறகு ஒரு வீட்டில் கலியாணம். இன்னொரு வீட்டுத் தோணியில் ஓட்டை. சோற்றுப் பார்சல்களும் மெலிந்தன. முதலில் மீன் குறைந்தது, பிறகு கறி, பிறகு வெறும் சோறும் சம்பலும். யாரும் பிள்ளைகளைக் கைவிடவேண்டும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அந்தந்த நாளில் ஒரு காரணம் இருந்தது. எல்லாம் உண்மையான காரணங்கள். வண்ணக்கர் ஒருநாள் கரைப் பக்கமாக வந்தவர், நாங்கள் வெள்ளைச் சட்டையோடு காத்திருப்பதைக் கண்டுவிட்டு வேறு வழியால் திரும்பிப் போனார்.

ஒரு வாரம் தோணியே வரவில்லை. நாங்கள் விடியற்காலையில் கரைக்கு வருவோம். வெயில் முதுகில் ஏறும்வரை மணலில் குந்தியிருப்போம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போவோம். அப்படி இருந்த ஒரு காலையில்தான் மாமா ஆற்றில் வலை எடுத்துவிட்டுத் தன் தோணியோடு கரைக்கு வந்தார். மீன் கூடையை இறக்கினார். எங்களைப் பார்த்தார். திரும்பி நின்று வலையை உதறினார். மறுபடியும் பார்த்தார்.

"என்னத்துக்கு இஞ்ச குந்திக் கொண்டிருக்கிறீங்க?"

நான்தான் பதில் சொன்னேன். "தோணி வரும் எண்டு, மாமா."

"வராது. சொன்ன நான்தானே, வராது எண்டு." யாரையோ நீளமாகத் திட்டினார். நம்மையா, ஊரையா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு தோணியைத் தண்ணீருக்குள் திருப்பினார். "ஏறுங்க. ஏறித் துலைங்க."

தோணிக்குள் மீன் செதிலும் பாசியும் கிடந்தன. என்னுடைய நீலம் பாரித்த சட்டையில் அன்று பட்ட கறை கடைசிவரை போகவில்லை. அக்கரையில் இறங்கியதும் மாமா, "பின்னேரம் பிந்தினா விட்டுட்டுப் போயிருவன்" என்றார். நாங்கள் பிந்தினோம். அவர் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஊரில் முறை என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு நாளும் மாமாதான். ஒவ்வொரு நாளும் திட்டினார். சிரித்தால் திட்டு, எழும்பி நின்றால் திட்டு, தண்ணீரில் கை வைத்தால் திட்டு. அவர் நல்ல மனதோடு செய்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி இல்லை. களைப்போடு செய்தார், எரிச்சலோடு செய்தார். பள்ளிக்கூட மணிக்கு முன் எங்களைச் சேர்க்க வேண்டும் என்பதற்காக வலையை முன்கூட்டியே எடுத்தார். அதனால் மீன் குறைவு. கிடைத்ததையும் தரம் பிரித்து விற்க அவர் கரையில் நிற்பதில்லை. வியாபாரி சொன்னதுதான் விலை. வலை இழுக்க ஆள் பிடிக்கவும் வழியில்லை. தன் மூத்த மகளை ஆற்றுக்கு இறக்கினார். அவள் எனக்கு மச்சாள். என்னைவிட ஒரு வயது மூப்பு. எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு வீட்டில் நின்றவள். குமர்ப்பிள்ளையை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி உழைப்பிக்கிறான் பார் என்று ஊர் அதற்கும் அவரை ஏசியது.

மாமி தன் வாசலில் நின்று கத்துவது எங்கள் வளவுக்குக் கேட்கும். "ஊராக்கள்ற புள்ளையளுக்குத் தோணி வலிக்கவா என்னைக் கலியாணம் முடிச்ச நீங்க?"

"அதுகள் கரையில குந்திக்கொண்டிருக்குதுகள். கண்ணால பாக்கேலாமக் கிடக்கு," என்று மாமா சொன்னது ஒருதரம் கேட்டது. வேறு விளக்கம் எதுவும் அவர் யாருக்கும் சொன்னதில்லை.

அவரும் பிழை விட்டார். அப்பக்காரியின் மகள் தோணியிலும் தூங்கினாள். ஒருநாள் காற்றில் தோணி சரிந்தபோது தண்ணீருக்குள் விழப் பார்த்தாள். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மாமா அன்று பின்னேரமே அப்பக்காரியிடம் போனார். "இவளை மறிச்சிரு. படிப்பும் ஏறுதில்ல எண்டு டீச்சர் சொல்றாவாம். ஆத்தில விழுந்தா ஆரு பதில் சொல்ற?" என்றார். மறுநாள் மகள் தோணிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. சந்தியில் தாய்க்குப் பக்கத்தில் நின்று வாழையிலையில் அப்பம் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாய் இழைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியுமுன் அவளுடைய பாயில் அவளைக் காணவில்லை. அப்பக்காரியின் வீட்டில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்த வருசம் முடியும்வரை அம்மா விடியற்காலையில் அந்த அடுப்பை மூட்டினாள். அங்கிருந்து வந்து வீட்டுக்குச் சோறு ஆக்கி, பிறகு பன் இழைக்கப் போனாள். கூட்டத்தில் கண்ணைத் துடைத்தவர்கள் யாரும் இதைக் கண்டதாக எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. மாமாவிடம் மட்டும் போய், அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, "அண்ணன், அந்தப் புள்ளைக்கு நித்திரைதான் பஞ்சம். மந்தமில்ல. ஏத்திக்கொண்டு போங்க" என்றாள்.

அப்பக்காரியின் மகள் திரும்பி வந்த காலையில் மாமா, வலைக் கயிற்றில் ஒரு துண்டை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றி, தோணியின் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"இனி நித்திரை கொள்ளு. விழமாட்டாய்."

அவள் வெட்கத்தில் குனிந்தாள். பிறகு உண்மையாகவே தூங்கிவிட்டாள். நாங்கள் சிரித்தோம். "சத்தம் போடாதீங்க" என்று தோணி வலிக்கும் சவளை எங்கள் பக்கம் ஓங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அப்படித்தான். சவள் தண்ணீரில் விழும் சத்தம் தவிர வேறெதுவும் இல்லாமல் ஆற்றைக் கடப்போம். அக்கரை வந்ததும் மாமா முடிச்சை அவிழ்த்து, அவள் தலையில் குட்டி எழுப்புவார். மெல்ல மெல்ல அவள் கணக்கு வகுப்பில் விழித்திருக்கத் தொடங்கினாள். டீச்சர் அதைத் தன் கண்டிப்பின் பலன் என்று நினைத்தார்.

மாரி வந்தது. ஆற்றைக் கடலுக்கு விடும் முகத்துவாரம் இன்னும் வெட்டப்படவில்லை. ஆறு நிரம்பிக் கரையேறி, வளவுகளுக்குள் புகுந்தது. வயல்களிலிருந்து பெயர்ந்து வந்த, புல்லும் கொடியும் பின்னிய பாசித் திட்டுகள் ஆற்றில் தீவுபோல மிதந்தன. ஆண்டிறுதிச் சோதனை அந்த வாரத்தில்தான். சோதனை எழுதாதவர்களை அடுத்த வகுப்பில் சேர்ப்பதில்லை என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லியிருந்தார். தலைமை வாத்தியாரே வந்து, "இந்த ஆத்தில போக வேணாம், அடுத்த வருசம் பாப்பம்" என்றார். மாமாவுக்கு அன்று காய்ச்சல். கண் சிவந்திருந்தது. "அடுத்த வருசம் எண்டு ஒண்டு இதுகளுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தோணியை இறக்கினார்.

நடு ஆற்றில் பாசி தோணியைச் சுற்றிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நாங்கள் எல்லாரும் குனிந்து கையால் அந்தக் கொடிகளைப் பிய்த்துப் பிய்த்துத் தள்ளினோம். விரலெல்லாம் வெட்டுண்டது. மழை முகத்தில் அடித்தது. மாமா கடைசியில் தண்ணீருக்குள் இறங்கித் தோணியைத் தோளால் தள்ளினார். பயத்தில் ஒருத்தி அழத் தொடங்க, எல்லாரும் அழுதோம். "அழுதுகொண்டு தள்ளுங்க" என்றார். தள்ளினோம்.

சேர்ந்தபோது சோதனை தொடங்கிவிட்டது. வாசலில் நின்ற ஆசிரியர் உள்ளே விடவில்லை. மாமா எங்களை விலக்கிக்கொண்டு நேரே அதிபரின் அறைக்குப் போனார். மேலில் சட்டை இல்லை. சாரனில் இருந்து தண்ணீர் அந்தச் சீமெந்துத் தரையில் ஓடியது. குளிரில் தாடை அடித்துக்கொண்டது.

"ஐயா, பிந்தினது நான். இதுகள் விடியக்குள்ளயே கரைக்கு வந்ததுகள். என்னை வேணுமெண்டா வெளியில நிப்பாட்டுங்க. இதுகளை உள்ள எடுங்க."

அதிபர் அவரையும் எங்கள் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து வந்து மண்டபத்துக் கதவைத் தானே திறந்துவிட்டார். என் விடைத்தாளில் இரத்தமும் மையும் கலந்து ஒரு பக்கம் முழுக்கப் பழுதாயிற்று. அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். மாமா மழையில் ஒரு வாகை மரத்தின் கீழ் பின்னேரம்வரை குந்தியிருந்தார். சோதனை முடியும்வரை மற்ற நாள்களும் அப்படித்தான்.

எல்லாரும் தேறினோம். அப்பக்காரியின் மகள் கணக்கில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எடுத்தாள். அவள் பிறகு எங்கே போனாள், என்னவானாள் என்பது உங்களுக்குத் தெரியும். போன வருசம்கூடக் கனடாவிலிருந்து கதைத்தாள். கோயில் முன்றலில் ஒரு விழா வைத்தார்கள். வண்ணக்கருக்கும் தலைமை வாத்தியாருக்கும் மாலை விழுந்தது. மாமா வரவில்லை. நெஞ்சில் சளி கட்டி ஆசுப்பத்திரியில் கிடந்தார். தேறி வந்தபின் அவரால் அதிக தூரம் தோணி வலிக்க முடியவில்லை. அடுத்த வருசம் ஊர் வெட்கப்பட்டோ என்னவோ, ஒரு ஆளை நிரந்தரமாக வைத்து ஓட்டியது. அப்படியே நாம் படித்து முடித்தோம். பிறகு நாட்டில் சண்டை வந்தது. அது வேறு கதை.

இப்போது பாலம் இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் படிப்பை விட்டு நிற்கிறார்கள். தாய் வெளிநாட்டில், தகப்பன் பாசிக்குடா ஹோட்டலில் வேலை, வீட்டில் ஆளில்லை. ஊர் இளைஞர்கள் பின்னேர வகுப்பு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தொடக்க நாளில் நிறையப் பேர். இப்போது படிப்பிக்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நான் போகிறேன். கோபம் வருகிறது, முழங்கால் வலிக்கிறது, ஆனாலும் போகிறேன். ஊர் சேர்ந்து படிப்பித்த கதையை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று இளைஞர்கள் கேட்டார்கள். சொல்வதற்கு முன் மச்சாளிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம் என்று போனேன்.

அவள் பின் வளவில் றால் கோது உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் ஒரு பலகையில் இருந்தேன். மாமாவைப் பற்றிப் பேசினோம். அவர் போய் எத்தனையோ வருசம். கொஞ்ச நேரம் கழித்து, இத்தனை காலமும் கேட்காததைக் கேட்டேன்.

"மச்சாள், உங்களுக்கும் எங்களோட படிக்க வர ஆசை இருந்திச்சா?"

அவள் கை நிற்கவில்லை.

"இருந்திச்சி. ஒருநாள் அப்பாட்டக் கேட்டன். நானும் அக்கரைக்குப் போகட்டா எண்டு. தோணியில இன்னொரு ஆளுக்கு இடமில்ல மகள் எண்டார்."

"இடம் கிடந்திச்சி," என்றாள். "ஒவ்வொரு நாளும் கரையில நிண்டு பாத்த நான்தானே. வலை இழுக்க ஆளில்ல எண்டு அவருக்குச் சொல்ல வாய் வரல்ல. நானும் மறுகா கேக்கல்ல. பாவம் மனிசன்."

உரித்த றாலைக் கழுவ எழுந்து கிணற்றடிக்குப் போனாள். அவள் சொன்னது சரி. இடம் இருந்தது. அந்த இடத்தில் நாம் புத்தகப் பைகளை வைத்திருந்தோம்.